கொப்பரைமலை புரண்டு படுத்தது

கொப்பரைமலை திரும்பியது வைகாசி மாதத்து மத்தியானம் ஒன்றில், இரண்டு ஊரும் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்த நேரத்தில். இடி இடிக்கவில்லை, தரை நடுங்கவில்லை, யார் வீட்டு அடுக்குப்பானையிலும் ஒரு பானைகூட உருளவில்லை. பகல் தூக்கம் தூங்குகிறவன் கை மரத்துப்போனால் மறுபக்கம் புரண்டு படுப்பானே, அந்த மாதிரி மலை தன் பாட்டுக்குப் புரண்டு, கிழக்கே இருந்த வாயை மேற்கே வைத்துக்கொண்டு, மறுபடி அசையாமல் கிடந்தது. சாட்சி என்று சொன்னால் வெள்ளாடுகள்தான். அவை மேய்ச்சலை நிறுத்திக் கொஞ்ச நேரம் தலையைத் தூக்கி நின்றன என்றும், அப்புறம் வேறு வேலை இல்லாததால் மேயப் போய்விட்டன என்றும் மேய்த்தவள் சொன்னாள்.

மலை என்றால் உச்சி வைத்த மலை இல்லை. எந்தக் காலத்திலோ நெருப்பைக் கக்கித் தீர்த்து, கக்குவதற்கு இனி ஒன்றுமில்லை என்று வயிறு உள்வாங்கிப்போன எரிமலை. சுத்தியலோடு வந்த காலேஜ் வாத்தியார்கள் கல்லைத் தட்டிப் பார்த்து, இது செத்துப்போன மலை, இனி எழுந்திருக்காது, பயப்படாமல் தூங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். மேலே நின்று பார்த்தால் கல்யாண வீட்டுக் கொப்பரை மாதிரி வட்டமாகக் குழிந்திருக்கும். சுற்றிலும் கருங்கல் சுவர், உள்ளே இடுப்பளவு புல், புல்லுக்கு நடுவே கோடையிலும் வற்றாத குளம், குளத்தங்கரையில் மிளா மான்களும் காட்டெருமைகளும். வட்டத்தில் ஒரே ஒரு இடத்தில் சுவர் உடைந்து வாய் திறந்திருக்கும், குளத்துத் தண்ணீர் ஓடையாகி அந்த வாய் வழியாகத்தான் வெளியே வரும். வாய்க்கு நேர் எதிரே சுவர் தாழ்ந்திருக்கும் இடத்தில் ஆட்டுத்தடம் ஒன்று ஏறி இறங்கும். வாய்க்கு முன்னால் இருந்த ஊர் கொப்பரைவாசல், முதுகுக்குப் பின்னால் இருந்த ஊர் கொப்பரைப்புறம். வாசல்காரர்களுக்கு ஓடை, நெல்வயல், தார்ரோடு, பஸ், டீக்கடை எல்லாம் இருந்தன. புறத்துக்காரர்களுக்குக் கேழ்வரகும் செம்மண் புழுதியும் அடி தெரிகிற கிணறும் இருந்தன. கொப்பரையின் உட்புறம் முழுக்கச் சரணாலயம் என்று அரசாங்கம் அறிவித்த பிறகு, வாயில் ஓர் இரும்புக் கேட்டைப் போட்டு, பக்கத்தில் ஒற்றை அறை கட்டி, வாசல் ஊரைச் சேர்ந்த சன்னாசியை வாச்சராக நியமித்துச் சாவியைக் கையில் கொடுத்தார்கள்.

மலை புரண்டபோது சன்னாசி அந்த அறையில்தான் படுத்திருந்தார். அறை மலையின் உதட்டில் இருந்ததால் மலையோடு சேர்ந்து அதுவும் திரும்பியது, அறையோடு சேர்ந்து அவரும் திரும்பினார். எழுந்து முகம் கழுவ வெளியே வந்தால், எதிரே டீக்கடையும் இல்லை, பஸ் நிற்கும் வேப்பமரமும் இல்லை. புறத்தின் செம்மண் தெரு இருந்தது. புழுதிக்குள் தண்ணீர் முதல்முறையாக மூக்கை நீட்டிப் போவதைப் புறத்து ஜனங்கள் வாய் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு முன்னால், இடுப்பில் வெறுங்குடத்தோடு பொன்னழகி நின்றாள். சன்னாசி திரும்ப உள்ளே போய்ப் பாயில் படுத்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தூக்கம் தெளியவில்லை என்று நினைத்து அல்ல, அவளைப் பார்த்துவிட்டதால்.

வாசல் ஊரில் முதல் இரண்டு நாள் ஒப்பாரியாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. முன்பெல்லாம் காலையில் கொப்பரையின் பனிப்புகை வாய் வழியாக இறங்கித் தெருவில் ஓடும், பிள்ளைகள் அதைக் கையால் அள்ளப் பார்ப்பார்கள். இப்போது அங்கே புதர் மண்டிய மலைமுதுகுதான் நின்றது. மலையைப் பார்த்துக் கட்டியிருந்த வீடுகளில் முன்வாசலைச் சாத்திவிட்டுக் கொல்லைப்புறமாகப் புழங்கத் தொடங்கினார்கள், யாரோ கோபித்துக்கொண்டு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும்போது எதிரே நின்று பல் துலக்க யாருக்கும் மனம் வரவில்லை. பஸ் கண்டக்டர் பழக்கதோஷத்தில் “கொப்பரைவாசல்லாம் எறங்கு” என்று கத்துவார், இறங்குகிறவர்கள் பிறத்தியார் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தவர்கள் மாதிரி குனிந்து இறங்குவார்கள். நெல் கருகியது. டீக்கடைப் பரமன், சுற்றுலா வருகிறவர்களுக்காக எழுதிவைத்த ‘எரிமலை வாய்க்கு வழி’ என்ற போர்டைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தான்.

மலை ஏன் திரும்பியது என்று பேச ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஒருவர் கல்குவாரி வெடியைச் சொன்னார். ஒருவர் சாமிக்குக் கிடா வெட்டாமல் சேவலோடு நிறுத்திக்கொண்டதைச் சொன்னார். சுத்தியல் வாத்தியார்கள் தட்டக்கூடாத இடத்தில் தட்டிவிட்டார்கள் என்று பலர் ஒத்துக்கொண்டார்கள். வெயில் தாங்காமல் புரண்டிருக்கிறது, மழை வந்தால் திரும்பிக்கொள்ளும் என்றான் பரமன். காரணத்தைப் பேசப் பேச அவர்கள் குரல் உயர்ந்துகொண்டே போனது, ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்காமலே பேசினார்கள், ஏனென்றால் அந்தக் கூட்டத்தில் இருந்த ஆம்பளைகள் முக்கால்வாசிப் பேர் இரண்டு வருஷத்துக்கு முந்திய ஓர் ஐப்பசி மாதத்துச் சாயங்காலம் பரமன் கடையில் மழைக்கு ஒதுங்கி நின்றவர்கள்.

அந்தச் சாயங்காலத்தை இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும். புறத்திலிருந்து தார்ரோட்டுக்கு மலையைச் சுற்றி வந்தால் அரை நாள் ஆகும், ஆட்டுத்தடத்தில் ஏறிக் கொப்பரைக்குள் இறங்கி வாய் வழியாக வெளியே வந்தால் சீக்கிரம் வந்துவிடலாம். சரணாலயம் ஆன பிறகு அது கூடாது. ஆனாலும் வாசல்காரர்கள் விறகுக்கும் புல்லுக்கும் உள்ளே போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள், சன்னாசி அவர்களுக்குக் கேட்டைத் திறந்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். அன்றைக்கு மத்தியானம் பரமன் கடையில் அவரை வைத்துக் கேலி ஓடியது. “பேருக்குத்தான்யா இவரு வாச்சரு. புறத்து ஆளுக உள்ள பூந்து போறானுக, இவரு சாவிய வச்சு முதுகச் சொறிஞ்சுக்கிட்டிருக்காரு” என்று பரமன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள், சன்னாசியும் சிரித்தார். சிரித்துவிட்டு அறைக்குப் போனவருக்கு அது நெஞ்சில் முள்ளாக நின்றது.

பொழுது மங்குகிற நேரத்தில், கொட்டுகிற மழையில், கம்பில் போர்வையைத் தூளியாகக் கட்டி அதில் பொன்னழகியைப் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு அவள் புருஷன் வீரணனும் அவன் பங்காளிகளும் கேட்டின் உட்பக்கம் வந்து நின்றார்கள். அவளுக்கு வலி கண்டு நேரமாகியிருந்தது. கேட்டுக்கு இந்தப் பக்கம் ரோடு, ரோட்டில் ஆட்டோ, ஆட்டோவுக்குப் பக்கத்தில் டீக்கடை, டீக்கடையில் ஊர்.

சன்னாசி டீக்கடைக்குக் கேட்கிற குரலில் சொன்னார்: “ஆறு மணிக்கு மேல சரணாலயத்துக்குள்ள ஆள் நடமாடக் கூடாது. வந்த வழியே திரும்பிப் போங்க.”

“வாச்சரய்யா, இந்தா ரோடு தெரியுது. உள்ள நடமாடக் கூடாதுன்னா வெளிய விடுங்கய்யா” என்றான் வீரணன்.

நியாயமான பேச்சு. அதற்குப் பதில் இல்லாததால் சன்னாசிக்குக் கோபம் வந்தது. சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது. டீக்கடையிலிருந்து யாராவது எழுந்துவந்து “விடுப்பா, பாவம்” என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், உங்களுக்காகத்தான் திறக்கிறேன் என்று திறந்துவிடலாம் என்று அவர் காத்திருந்தார். கொஞ்சம் முறுக்கிக் காட்டிவிட்டு அவரே திறந்துவிடுவார் என்று டீக்கடை காத்திருந்தது. இரண்டு பக்கமும் இப்படிக் காத்திருந்தபோது, இனி நின்று பயனில்லை என்று புறத்துக்காரர்கள் தூளியைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தார்கள். ஆட்டுத்தடம் வரைக்கும் போக அவளுக்குப் பொழுதில்லை. கொப்பரைக்குள் எழுகிற எந்தச் சத்தத்தையும் மூன்று பக்கச் சுவரும் மாற்றி மாற்றி வாங்கி வாய் வழியாகத்தான் வெளியே கொட்டும். பொன்னழகி கத்தியது அப்படித்தான் வெளியே வந்தது. சன்னாசி ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். டீக்கடையைச் சீக்கிரமே சாத்தினார்கள். பிள்ளை புல்லிலேயே பிறந்தது, அழவில்லை. ஆண்பிள்ளை என்று பின்னால் யாரோ சொன்னார்கள், அதற்கப்புறம் அதைப் பற்றி வாசல் ஊரில் யாரும் எதுவும் சொல்லவில்லை.

மலை திரும்பிய பிறகு வாசல் ஊருக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டியிருந்தது. ஆட்டுத்தடம் இப்போது அவர்கள் பக்கம் வந்துவிட்டதால், ஒருநாள் காலையில் பெண்கள் குடங்களோடு அதில் ஏறி, கொப்பரைக்குள் இறங்கினார்கள். குளத்தங்கரையில் எருமைகள் நின்றதால் கிட்டப் போகப் பயந்து, ஓடையைப் பிடித்துக்கொண்டே நடந்து, கேட்டின் உட்பக்கம் வந்து நின்றார்கள். முதலில் நின்றது சன்னாசியின் மனைவி சிலம்பாயி. “நிக்கிறீகளே, தொறங்க. உள்ள கொடம் முங்குற ஆழமில்ல, வெளிய போயி மொண்டுக்குறோம்” என்றாள். சன்னாசி சாவியை எடுத்துத் திறந்தார். யோசிக்கவே இல்லை. திறந்து, கேட்டைப் பிடித்துக்கொண்டு, பெண்டாட்டியும் அண்டைவீட்டுப் பெண்களும் ஒவ்வொருவராக வெளியே வருவதைப் பார்த்து நின்றபோதுதான் ஓடைக்கரையில் துணி அலசிக்கொண்டிருந்த பொன்னழகி கையை நிறுத்தியிருப்பதைக் கண்டார். அவள் அவரைப் பார்க்கவில்லை. திறந்து கிடந்த கேட்டைப் பார்த்தாள். இவ்வளவு லேசாகத் திறக்குமா என்று கேட்கிற மாதிரி கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, மறுபடி துணியை அலசினாள்.

சன்னாசிக்கு முகமெல்லாம் எரிந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார், மண்ணை வாரித் தூற்றியிருந்தால் துடைத்துக்கொண்டு போயிருப்பார். அவமானம் என்பது அடுத்தவர் செய்வது என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தார். தன் கையே தனக்குச் செய்யும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு அவருக்குக் கேட்டைப் பூட்டவும் கை வரவில்லை, திறந்து போடவும் வெட்கமாக இருந்தது, பாதி திறந்த நிலையிலேயே அது கிடந்தது. சிலம்பாயியிடம் இனி உள்வழியாக வரவேண்டாம், சோறு கொண்டுவருவதானால் மலையைச் சுற்றி வா என்றார். “அரை நாளு நடந்து ஒமக்குச் சோறு கொண்டாரணுமா? நல்லாத்தான் இருக்கு” என்று அவள் போய்விட்டாள். மற்றவர்கள் டிராக்டரில் டேங்கை வைத்து மலையைச் சுற்றி வரத் தொடங்கினார்கள். புறத்து எல்லையில் இறங்கும்போதே ஆண்கள் தோள்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்கள், யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

புறத்துக்காரர்கள் என்ன செய்தார்கள் என்றால், ஒன்றும் செய்யவில்லை. அதுதான் வினை. ஓடைக்கரையில் படி கட்டினார்கள், கீழே நாற்றங்கால் போட்டார்கள், அவர்கள் சேவல்கள் பனிப்புகையைக் கண்டு குழம்பி நேரங்கெட்ட நேரத்தில் கூவின. வாசல் ஊர் டிராக்டர் வந்தால், “தூரத்துலருந்து வந்திருக்காக, அவுகள முதல்ல பிடிக்க விடுங்க” என்று தங்கள் குடங்களை நகர்த்தி வைத்தார்கள். வாசல் ஊருக்கு அவர்கள் தண்ணீருக்கு வந்த காலத்தில் இருட்டின பிறகு வாருங்கள் என்று தாங்கள் நிறுத்திவைத்ததெல்லாம் டிராக்டரில் வந்த ஒவ்வொருவருக்கும் ஞாபகம் வந்தது. டேங்க் நிறைகிற வரைக்கும் பரமன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

சன்னாசிக்குச் சோறும் புறத்திலிருந்துதான் வந்தது. ஓடைவாயில் தங்கியிருக்கிற ஆள் பசியோடு கிடந்தால் ஊருக்கு ஆகாது, பக்கத்து வீட்டில் கொடுங்கள் என்று பேசி வைத்தார்கள், பக்கத்து வீடு பொன்னழகியுடையது. காலையில் அறைப்படியில் தூக்குச்சட்டி இருக்கும். களியும் கீரையும் இருக்கும், சில நாள் கருவாடு இருக்கும். உப்பு சரியாக இருக்கும். அந்தச் சரியான உப்புதான் அவருக்குத் தொண்டையில் நின்றது. சாப்பிடாமல் விட்டால் அதற்கும் அர்த்தம் இருக்குமே என்று முழுவதையும் சாப்பிட்டு, சட்டியைத் தேய்த்து, மறுபடி ஒருமுறை தேய்த்து, படியில் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் வந்து எடுக்கும்போது உள்ளே உட்கார்ந்திருப்பார். தாடியை வளர்த்தார், உச்சி வெயிலிலும் தலையில் முக்காடு போட்டார், அன்றைக்கு மழையும் மங்கலுமாக இருந்ததால் முகம் அடையாளம் தெரிந்திருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கொப்பரைக்கு ஒரே வாச்சர்தான் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். இடம் மாற்றித் தரச் சொல்லி ரேஞ்சரிடம் கேட்டபோது அவர், “மலையே எடம் மாறிக் கெடக்குது, ஒனக்கு என்னய்யா தனியா எடமாறுதல்?” என்று ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

ஆவணியில் சன்னாசியின் மகள் மயில்தாய்க்குப் பெண்குழந்தை பிறந்தது. அந்தப் பக்கத்தில் பிறக்கிற எந்தக் குழந்தையையும், தீட்டுக் கழிந்ததும் மலைவாய்க்குக் கொண்டுவந்து முகம் காட்டுவார்கள். குழந்தையின் பேரை வாய்க்குள் உரக்கக் கூப்பிட வேண்டும், மலை அதைத் திருப்பிச் சொன்னால் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். பெற்றவர்களும் சொந்த ரத்தமும் கூப்பிடக் கூடாது. ரத்தம் கலவாதவர்களில் வாய்க்கு ரொம்பப் பக்கத்தில் குடியிருப்பது யாரோ அவர்தான் கூப்பிட வேண்டும். இத்தனை காலமும் பரமன் வீட்டுப் பெண்கள்தான் இரண்டு ஊருக்கும் கூப்பிட்டார்கள்.

வேண்டாம், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிடும், மழை முடியட்டும் என்று சன்னாசி ஏதேதோ சொல்லியனுப்பினார். சிலம்பாயி கேட்கவில்லை. ஒரு காலையில் டிராக்டரில் பரமன், அவன் கடைக்கூட்டம், சொந்தபந்தம் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு, மலையைச் சுற்றி வந்து இறங்கினாள். இறங்கியதும் நேரே பொன்னழகி வீட்டுக்குப் போய், அவள் கையைப் பிடித்து, “தாயி, நீதான் வந்து கூப்பிடணும்” என்று கேட்டாள். கேட்டுக்குப் பக்கத்தில் நின்ற சன்னாசிக்கு அங்கேயே தரைக்குள் போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

பொன்னழகி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்து, பேர் என்ன என்று கேட்டாள். மயில்தாய் செல்போனில் தேடி வைத்த பேர், ரிதன்யாஸ்ரீ. பொன்னழகி அதை இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, பாதி திறந்திருந்த கேட்டைத் தாண்டி உள்ளே போய்க் கூப்பிட்டாள். மலைக்கு முழுவதும் வரவில்லை, “ஸ்ரீ” மட்டும் திரும்ப வந்தது. கூட்டம் சிரித்தது. அதுவரைக்கும் முகம் தொங்கிக்கிடந்த பரமன்கூடச் சிரித்தான், போதும், ஒட்டிக்கிச்சு என்றான்.

பொன்னழகி குழந்தையைத் தாயிடம் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வெளியே வரவில்லை, கேட்டின் உட்பக்கமே நின்றாள்.

“எனக்கும் ஒரு பேரு கூப்பிடணும்” என்றாள். “என் பிள்ளைக்கு இன்னும் கூப்பிடல. நான் பெத்தவ, கூப்பிடக் கூடாது. என் வீட்டவிட வாய்க்குப் பக்கத்துல இருக்கிறது வாச்சரண்ணன் ரூம்புதான். அண்ணன்தான் கூப்பிடணும்.”

சிரிப்பு நின்றது. வீரணன் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வந்து மனைவிக்குப் பக்கத்தில் நின்றான்.

“பேரு கார்மேகம்” என்றாள் பொன்னழகி.

சன்னாசி தலையிலிருந்த துண்டை எடுத்தார். கேட்டைத் தாண்டி, அன்றைக்கு அவர்கள் நின்ற இடத்தில் போய் நின்றார், கொப்பரையைப் பார்த்து வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. மறுபடி முயன்று “கார்மேகம்” என்றார், பக்கத்திலிருப்பவருக்குச் சொல்கிற அளவுக்கு. மலை பேசாமல் இருந்தது. புல் அசைந்தது, தூரத்தில் ஒரு மிளா நிமிர்ந்து பார்த்தது.

“சத்தமாக் கூப்பிடுங்கண்ணே” என்றாள். குரலில் கோபம் இல்லை, களி வேண்டுமா என்று கேட்கிற குரல்தான். “அன்னைக்கு நான் அந்தக் குளத்துக்கிட்ட கெடந்து கத்துனது இங்க வரைக்கும் கேட்டுச்சுல்ல?”

மழைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லலாம். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது என்று சொல்லலாம். இரண்டு வருஷமாகத் தனக்குத்தானே அதைத்தான் சொல்லியிருந்தார். அவர் திரும்பிப் பரமனைப் பார்த்தார், யாராவது எழுந்துவந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று அப்போதும் பார்த்தார். பரமன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான், கடைக்கூட்டம் முழுக்கத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சிலம்பாயி மட்டும் புருஷனையே பார்த்தாள், அவளுக்கு அந்தக் கதை இப்போதுதான் தெரிந்தது.

“கேட்டுச்சு தாயி” என்றார் சன்னாசி. “நல்லாக் கேட்டுச்சு.”

அதைச் சொன்ன பிறகு அவருக்குக் குரல் வந்தது. “கார்மேகம்!” என்று அவர் கத்தியதை வலப்பக்கச் சுவர் வாங்கி எதிர்ச்சுவருக்குக் கொடுத்தது, எதிர்ச்சுவர் இடப்பக்கத்துக்குக் கொடுத்தது, குளத்தின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, ஒரெழுத்துக்கூடச் சிதறாமல், முழுப்பேராக வாய் வழியாக வெளியே வந்து, நின்றவர்கள் எல்லாரையும் தாண்டிப் புறத்துத் தெருவுக்குள் போனது. சன்னாசி முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு அழுதார். முடிந்தது என்று நினைத்துக் கூட்டம் மெல்ல அசைந்தது.

பொன்னழகி அசையவில்லை. அவள் பிள்ளை பிறந்த குளத்தங்கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னொரு தடவ கூப்பிடுங்க” என்றாள்.